முத்திரை என் லாச்சியில் இருந்தது

நான் போட்ட ஒரு கையெழுத்தால் 42 குடும்பங்கள் நான்கு மாதம் தண்ணீருக்கு அலைந்தன. இதை எங்கள் கோயிலில் எல்லார் முன்னாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தேயிலைத் தோட்டங்களில் கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், தண்ணீர்ச் சங்கம் என்று ஏதாவதொன்றுக்குத் தலைவராகிறவர்களை யாரும் உட்காரவைத்து எச்சரிப்பதில்லை. மாலை போடுவார்கள், கைதட்டுவார்கள், அத்தோடு சரி. எனக்கும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். மூன்று லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு சின்னக் கோயில், அதற்கு மேலே தேயிலை மலை, அதற்கும் மேலே ஒரு துண்டுக் காடு. அந்தக் காட்டுக்குள் இருக்கிற ஊற்றிலிருந்து குழாயில் வருவதுதான் எங்கள் பீலித் தண்ணீர். நான் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், அதனால் எல்லாருக்கும் 'சேர்'. 2023 தொடக்கத்தில் கோயில் கமிட்டிக்கும் தண்ணீர்ச் சங்கத்துக்கும் என்னையே தலைவராகப் போட்டார்கள். கடிதம் எழுதத் தெரியும், சிங்களம் பேசத் தெரியும் என்பதுதான் தகுதி. இரண்டு சங்கத்துக்கும் இரண்டு ரப்பர் முத்திரை. இரண்டும் என் மேசை லாச்சிக்குள் இருந்தன.

உண்மையைச் சொன்னால் அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. என் அப்பா தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டினவர். பெரிய துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், ஜீப் வந்தால் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மகனுக்கு இப்போது கோயிலில் முன்வரிசை நாற்காலி. பீலியடிக்கு எங்கள் வீட்டு வாளி போனால் வரிசை கொஞ்சம் விலகும். விலகச் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

எங்கள் கோயில் கிறிஸ்து அரசருடையது. நவம்பர் கடைசியில் திருவிழா. அந்த வருடம் சுரூபத்துக்குப் பித்தளையில் தங்கமுலாம் பூசிய கிரீடம் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். கமிட்டி கேட்கவில்லை, நான்தான் ஆசைப்பட்டேன். 85,000 ரூபாய் என்றார்கள். கொழுந்துக் காசில் வாழ்கிற ஜனங்களிடம் அதை எப்படி வசூலிப்பது? அப்போதுதான் ஒரு மரக்கறி முதலாளி வந்தார். தோட்டத்தில் தேயிலை இல்லாமல் கிடந்த மேல் காணியைக் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கரட்டும் போடப் போவதாகச் சொன்னார். திருவிழாவுக்கு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றார். போகும்போது, "சேர், அங்க உள்ள ஆட்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னு தண்ணிச் சங்கத்துல இருந்து ஒரு கடிதம் கேட்கிறாங்க. ஒரு ஃபோமாலிட்டிதான்" என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான்தான் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, லாச்சியைத் திறந்து முத்திரையும் குத்திக் கொடுத்தேன். நவம்பர் 3, வெள்ளிக்கிழமை. தேநீர்கூட ஆறியிருக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். யாராவது உங்களிடம் 'ஆட்சேபனை இல்லை' என்று கடிதம் கேட்டால், அன்றைக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் காணியை ஒருமுறை காலால் நடந்து பாருங்கள். எத்தனை ஏக்கர், எல்லை எது, ஊற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். நான் எழுதியது 'மேற்படி காணியில் பயிர் செய்வதற்கு எமக்கு ஆட்சேபனை இல்லை' என்ற ஒரே வரி. மேற்படி காணி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது. கடிதமும் நன்கொடையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கைமாறினால், அதற்குப் பெயர் என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பெயரை உச்சரிக்க ஐந்து மாதம் ஆனது.

நவம்பர் 26 திருவிழா. கிரீடம் மின்னியது, சப்பரம் லயங்களைச் சுற்றி வந்தது, நான் பட்டுச் சால்வையோடு முன்னால் நடந்தேன். அன்றைய நற்செய்தி மத்தேயு 25. அரசர் அரியணையில் உட்கார்ந்து எல்லா மக்களையும் பிரிக்கிற பகுதி. பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன் என்று அந்த அரசர் சொல்லிக்கொண்டு போவார். பூசையில் அதை வாசிக்கிற முறை சில ஆட்களுக்கு வரும், அந்த வருடம் எனக்கு வந்தது. 'தாகமாய் இருந்தேன்' என்ற வரியை மைக்கில் நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன் என்று பிறகு பலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

டிசம்பரில் மேலே மரம் வெட்டும் சத்தம் கேட்டது. ஜனவரி கடைசியில் பீலித் தண்ணீர் விரல் தடிப்புக்கு வந்தது. எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை எப்போதும் வரட்சிதான், அதனால் பருவம் அப்படி என்று எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். பெப்ரவரி நடுவில் குழாய் காற்றைத்தான் கக்கியது. லயத்தின் கடைசிக் காம்பராவில் (அறையில்) தனியாக இருக்கிற ஒரு பாட்டி, வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த கை, என் வீட்டு வாசலில் வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதானே தம்பி தலைவரு? ஊத்துக் கண்ணைப் போய்ப் பாத்தீங்களா?" நான் பார்த்ததில்லை. தண்ணீர்ச் சங்கத் தலைவராகி ஒரு வருடம் முடிந்தும், அந்த ஊற்றுப் பக்கமே நான் போனதில்லை.

அன்று பின்னேரம் ஏறினேன். மானாப்புல்லைத் தாண்டினால் முன்பு இருட்டாக இருக்கும் என்பார்கள். இப்போது வெளிச்சம். ஊற்றுக்கு மேலே சரிவு முழுக்க வெட்டி, பாத்தி பாத்தியாக லீக்ஸ். பாத்திகள் குறுக்காகப் போடப்படாமல் மேலிருந்து கீழாக ஓடின, அதாவது மழை வந்தால் மண் நேரே ஊற்றுக்குள். மருந்துப் போத்தல்கள் இரண்டு ஓடையில் கிடந்தன. ஊற்றுக் கண்ணைச் சுற்றி இருந்த பெரிய பன்னங்களை எரித்திருந்தார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு ஈரக் கோடு மட்டும் மிச்சம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்டால், இல்லை. எனக்கு முதலில் வந்தது பயம். அந்தக் கடிதம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். ஜனங்களின் தாகத்தை நான் நினைத்தது அதற்குப் பிறகுதான், அந்த வரிசையை மாற்றி எழுத மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாளியிடம் போனேன், அவர் என் கடிதத்தின் போட்டோப் பிரதியைக் காட்டினார். தோட்ட அலுவலகத்தில் அதே பிரதி. ஒரு அரச அலுவலகத்திலும் அதே பிரதி. கமிட்டிக்காரர்கள் "நீங்க தனியாப் போட்ட கையெழுத்து, நீங்களே பாருங்க" என்று ஒதுங்கினார்கள், அதில் தப்பில்லை. ட்ரக்டரில் தண்ணீர் ஏற்றிவர ஒரு தடவைக்கு 6,500, ஆறு தடவை என் கைக்காசு, 39,000. தண்ணீர்ப் பரிசோதனைக்கு 18,500. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய் வந்த செலவு 13,500. புதுக் குழாயும் தாங்கியைத் திருத்தியதும் 24,000. ஆக மொத்தம் 95,000 ரூபாய், மனைவியின் இரண்டு காப்பை அடகு வைத்துத்தான். வருட லீவு மே மாதத்துக்குள் தீர்ந்தது. மனைவி காப்பைக் கழற்றிக் கொடுக்கும்போது, "கிரீடத்தை அடகு வைக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அலைந்ததில் படித்த சில காரியங்கள் யாருக்காவது உதவும். தவறான கடிதம் கொடுத்துவிட்டால் அதை மீளப்பெறுகிறேன் என்று திகதியோடு இன்னொரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் இரண்டு கிழமை வாயால் கெஞ்சிக்கொண்டிருந்தேன், வாயால் சொன்னது எதுவும் எந்தக் கோப்பிலும் இல்லை. தண்ணீர் மாதிரியைச் சோடாப் போத்தலில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போய் ஒருநாளை வீணாக்கினேன். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும், குளிரில் வைத்துச் சுணங்காமல் சேர்க்க வேண்டும், முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வழி சொல்வார். பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது வேறு பரிசோதனை, வேறு விலை. காணிக்கு யார் எந்த அனுமதி கொடுத்தார்கள் என்று அரச அலுவலகம் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மாதம் கதிரையில் காத்திருந்து கிடைக்காத தாள் எனக்கு அந்த ஒரு விண்ணப்பத்தில் கிடைத்தது. ஊற்றுக் கண்ணைச் சுற்றி விட வேண்டிய இடத்தையும் விடாமல் வெட்டியிருந்தார்கள் என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

இன்னொன்று, இது தண்ணீரைவிடப் பெரியது. சரிவில் ஊற்று திடீரென்று வற்றுவதும், இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கிளம்புவதும், நிலத்தில் வெடிப்பு விழுவதும் மண்சரிவின் முன்னறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. ஏப்ரல் மழையில் எங்கள் பீலியில் சிவப்பாகத் தண்ணீர் வந்தபோது குடிக்க முடியாது என்றுதான் எல்லாரும் கத்தினோம். பாட்டி ஒருத்திதான் "மலை நகருதா பாருங்கடா" என்றார். அப்படி ஏதாவது கண்டால் கிராம சேவகரிடம் உடனே சொல்லி, மண்சரிவைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரவழையுங்கள். எங்கள் இடத்தில் நல்லவேளையாக அது மேல்மண் அரிப்போடு நின்றது.

மார்ச் மாதம் பங்குத்தந்தையிடம் போனேன். ஆறுதல் எதிர்பார்த்துத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "முதலாம் அரசர் நூல், 21ஆம் அதிகாரம் வாசிச்சிட்டு வாங்க" என்றார். நாபோத்தின் கதை. சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதான் என்று அலுப்போடு திறந்தேன். ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எதற்குக் கேட்கிறான் தெரியுமா? மரக்கறித் தோட்டம் போட. அதுவரை அந்த வரியை நான் கவனித்ததே இல்லை. நாபோத் மூதாதையர் நிலத்தை விற்க மறுக்கிறான். அரசன் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்கிறான். அரசி ஈசபேல் கடிதங்கள் எழுதி, அரசனின் முத்திரையைக் குத்தி அனுப்புகிறாள், நாபோத் பொய்ப் பழியில் கொல்லப்படுகிறான். கடிதம், முத்திரை, மரக்கறித் தோட்டம். நான் வேதாகமத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

அந்த நாட்களில்தான் அரசர் என்ற சொல்லை முதல் தடவையாக யோசித்தேன். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அரசர் என்றால் மனதில் வருவது துரைதான். பங்களா, குதிரை, பிற்பாடு ஜீப். கிறிஸ்துவையும் அந்த உருவத்தில்தான் சப்பரத்தில் ஏற்றினோம். வேதாகமமோ அரசர்களைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடு பேசுகிறது. 1 சாமுவேல் 8இல் மக்கள் அரசன் வேண்டும் என்று கேட்கும்போது, உங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வான், வயல்களை எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் அடுக்கிக்கொண்டே போகிறார். இணைச்சட்டம் 17 அரசனுக்குக் கடிவாளம் போடுகிறது. குதிரைகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் சேர்க்காதே, சட்டத்தை நீயே ஒரு பிரதி எழுதி வைத்துத் தினமும் வாசி, சகோதரருக்கு மேலாக உன் மனம் உயரக்கூடாது. அரசனுக்கு அதிகாரப் பட்டியல் கொடுக்கிற நூல் என்று நினைத்திருந்தேன், அங்கே இருந்ததோ செய்யக்கூடாதவற்றின் பட்டியல். கிறிஸ்து அரசர் பெருவிழாவை 1925 டிசம்பரில் பாப்பரசர் பதினோராம் பயஸ் ஏற்படுத்தியபோதும், உலகப் போரில் ஐரோப்பியப் பேரரசுகள் சரிந்து, இத்தாலியில் முசோலினி ஆண்டுகொண்டிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் சிலுவையில் முள்முடியோடு தொங்கியவரை அரசர் என்று சொல்வது சும்மா காரியமில்லை.

எங்கள் சொல் ஒன்றும் இதில் மாட்டியது. தோட்டத்தில் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கினவருக்குப் பெயர் கங்காணி, அது கண்காணி என்பதிலிருந்து வந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் திமோத்தேயுவுக்கு எழுதின கடிதத்தில் சபையை மேற்பார்க்கிறவருக்கும் 'கண்காணி' என்றே போட்டிருக்கிறது. ஒரே சொல். எங்கள் பாட்டன்மாரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்து, தலைக்குக் காசு வாங்கி, துண்டு முறையில் (கடனைத் தீர்த்தால்தான் ஆளை விடலாம் என்ற சீட்டு) கடனில் கட்டிப்போட்டதும் கண்காணிதான். 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. கண் வைத்துக் காக்க வேண்டியவன் கணக்கு வைத்துப் பிடுங்கினான். நானும் ஒன்றரை லட்சத்துக்கு அதைத்தான் செய்தேன், ஊற்றின் மேல் கண் வைக்காமலே.

தொடக்கநூலில் மனிதன் உலகை ஆளட்டும் என்ற வரியை வைத்துத்தான் மரம் வெட்டுகிறவர்களும் பேசுவார்கள். அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தில் மனிதனை வைத்தது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் என்று இருக்கிறது. பண்படுத்து என்பதற்கு எபிரேயத்தில் உள்ள 'ஆவத்' என்ற சொல்லுக்கு ஊழியம் செய் என்றும் பொருள் என்று பங்குத்தந்தை சொன்னார். மண்ணுக்கு ஊழியம். பாப்பரசர் பிரான்சிஸும் 2015இல் எழுதிய சுற்றுமடலில், ஆளுகை என்பதைத் தான்தோன்றித்தனமான ஆதிக்கமாக வாசிப்பது சரியான வாசிப்பே இல்லை என்கிறார். திருப்பாடல் 72இல் நல்ல அரசன் வெட்டின புல்லின் மேல் பெய்யும் மழை போல இருப்பான் என்று வருகிறது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மொட்டையாக, காயத்தோடு நிற்கிற செடிக்கு மழை எப்படியோ, அப்படி. எங்கள் ஓடை கெசல்கமு ஓயாவில் விழுந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தாண்டி, கடைசியில் களனி கங்கையாகிக் கொழும்பில் குடிநீராகிறது. என் கையெழுத்து எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.

2024 பெரிய வியாழன், மார்ச் 28. பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் தலைவர் என்பதால் நானும் இருந்தேன். ட்ரக்டரில் வந்த தண்ணீர் என்பதால் ஆளுக்கு அரைக் கோப்பைதான். பங்குத்தந்தை முழங்காலில் இருந்து என் காலைத் துடைத்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வழிபாடு முடிந்ததும் ஒரு அக்கா அந்தச் சட்டித் தண்ணீரைக் கொட்டாமல் வாளியில் ஊற்றிக்கொண்டு போனார். கக்கூசுக்கு ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புப் பூசை முடிந்ததும் எழுந்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். திகதி, ஒன்றரை லட்சம், கிரீடம், எல்லாம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு தம்பி கெட்ட வார்த்தையில் திட்டினான், யாரும் அவனைத் தடுக்கவில்லை. நானாக ஒப்புக்கொண்டதற்காகப் பாராட்டுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது, அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பாராட்டு கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் 30 பேர் ஊற்றடிக்கு ஏறினார்கள். நான் தனியாக எழுதிய கடிதங்களுக்கு வராத அதிகாரிகள், 42 குடும்பமும் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவுக்கு ஜூனில் வந்தார்கள். முன்னமே சொல்லியிருந்தால் ஒன்றரை மாதம் மிச்சம். மறைத்துக்கொண்டே திருத்தப் பார்த்ததுதான் எனக்கு அதிக செலவு வைத்தது.

ஜூலையில் முதலாளி ஊற்றுக்கு மேலே உள்ள பாத்திகளை விட்டுக்கொடுத்தார். எல்லையை எழுத்தில் வாங்கினோம். இப்போது கடிதம் எதற்கும் இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற பெண். முத்திரை அந்தப் பாட்டியின் பெட்டிக்குள். கேட்டால், "எதுக்கு?" என்பார், பதில் சொன்னால்தான் திறப்பார். ஞானஸ்நானத்தில் உச்சியில் எண்ணெய் பூசி குரு, இறைவாக்கினர், அரசர் என்று சொல்வது அவருக்கும் சேர்த்துத்தானே. வரவு செலவு மாதாமாதம் கோயில் கதவில் ஒட்டப்படுகிறது. தலைவர் வீட்டு வாளி வரிசையில் கடைசி. இந்த விதி என் யோசனை இல்லை, திட்டின அந்தத் தம்பியுடையது. அவன்தான் இப்போது தலைவர்.

60 கன்று நட்டோம், ஆடு மேய்ந்ததும் வெயிலில் கருகியதும் போக 23 நிற்கிறது. தண்ணீர் பழைய அளவில் பாதிதான், காலையில் இரண்டு மணித்தியாலம் வரும். கிரீடம் என் அலுமாரியில் அரிசிச் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. 2024 நவம்பர் 24 திருவிழாவில் சுரூபம் வெறுந்தலையோடுதான் போனது, அதில் மனம் நொந்தவர்களும் உண்டு, என் அம்மா உட்பட. விற்றுக் குழாய் வாங்கலாம் என்று ஒரு கட்சி, காணிக்கையை விற்கக்கூடாது என்று ஒரு கட்சி. இன்னும் தீரவில்லை. நான் வாயைத் திறப்பதில்லை. இந்தச் சனிக்கிழமை தாங்கி கழுவுகிற முறை எங்கள் வீட்டுக்கு, மேலே ஏற வேண்டும்.